வீடு ஆடுகிறது! ஓடும் வீட்டை அடக்கும் ஒரு கம்பி

காற்று ஊளையிடுகிறது.

அமெரிக்காவில் வயோமிங் மாநிலம். லாரமி என்ற ஊரில் இருந்து ராலின்ஸ் என்ற ஊருக்குப் போகும் நெடுஞ்சாலை. சுமார் 100 மைல் தூரம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 7,000 அடி உயரம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரம் இல்லை. வெறும் புல்வெளி. தெற்கே எல்க் மலை நிற்கிறது.

அந்தச் சாலையில் ஒரு வீடு போகிறது!

ஆம், வீடுதான். உள்ளே கட்டில் இருக்கிறது. அடுப்பு இருக்கிறது. குளியல் அறை இருக்கிறது. அடியில் சக்கரங்களும், முன்னால் என்ஜினும் இருக்கின்றன. "மோட்டார் ஹோம்" என்று அமெரிக்கர்கள் சொல்லுவார்கள். நாம் மோட்டார் வீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே ஒரு கணவரும் மனைவியும் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவருக்கு 66 வயது. அந்த அம்மாளுக்கு 63. இருவரும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். குடியிருந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தில் இந்த ஓடும் வீட்டை வாங்கினார்கள். இனி ஊர் ஊராகப் போய்ப் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழிக்கலாம் என்று ஆசை.

பின்னால் ஒரு பெரிய லாரி வருகிறது. இடது பக்கமாக முந்துகிறது.

வீடு வலது பக்கம் சாய்கிறது. அடுத்த நொடி இடது பக்கம் இழுக்கிறது. அலமாரியில் தட்டுகள் "கடகட" என்று உருளுகின்றன.

"நிறுத்துங்கள்! கவிழ்ந்துவிடும் போல் இருக்கிறதே! எனக்கு இந்தப் பயணமே வேண்டாம். வீட்டுக்குப் போய்விடலாம்!" என்கிறார் மனைவி.

கணவர் திரும்பிப் பார்க்கவில்லை. சக்கரத்தை இறுகப் பிடித்தபடி, "இதுதானே நம் வீடு?" என்கிறார்.

இந்தத் தம்பதி நாம் கற்பித்தவர்கள். ஆனால் இந்தப் பயம் கற்பனை அல்ல. மோட்டார் வீடு வாங்கியவர்கள் பலர் முதல் பயணத்திலேயே இதைக் கண்டு நடுங்கியது உண்டு. "விற்றுவிடலாமா?" என்று நினைத்தவர்களும் உண்டு.

அந்தப் பயத்தைக் குறைக்க ஒரு கம்பி இருக்கிறது. ஆனால், எந்தக் கம்பி? எப்போது வாங்குவது? அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

லாரியின் முதுகில் வீடு

சக்கரத்தின் மேல் வீடு கட்டும் ஆசை அமெரிக்கர்களுக்குப் புதிது அல்ல. 1915-ம் ஆண்டிலேயே நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் இருந்து ரோலண்டு காங்க்ளின் என்ற செல்வர் ஒரு வண்டி செய்தார். எடை 8 டன். நீளம் 25 அடி. அதில் குடும்பத்தோடு அமெரிக்காவின் மறு கோடியில் உள்ள சான்பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டார். அந்தக் காலத்துச் சாலைகளில் 8 டன் வீடு எப்படிப் போயிருக்கும்! பிறகு, 1966-ல் அயோவா மாநிலத்தில் உள்ள வின்னபேகோ கம்பெனி மோட்டார் வீடுகளைச் செய்யத் தொடங்கியது. நடுத்தரக் குடும்பங்களும் வாங்கத் தொடங்கின.

இந்த வீடுகளைச் செய்யும் கம்பெனிகள் பெரும்பாலும் அடிச்சட்டத்தைச் செய்வது இல்லை. போர்டு போன்ற கம்பெனிகளிடம் இருந்து என்ஜின், சட்டம், சக்கரம் எல்லாம் சேர்ந்த அடிப்பகுதியை வாங்குவார்கள். அதன் மேல் வீட்டைக் கட்டுவார்கள். போர்டு கம்பெனியின் "எப்-53" என்ற அடிச்சட்டம் இதற்குப் பேர்பெற்றது. அதில் பெரிய ரகம், சுமையோடு சேர்த்து சுமார் 12 டன் வரை தாங்கும். சிறிய வீடுகளுக்கு "ஈ-450" என்ற சட்டம். அது சுமார் 6½ டன் தாங்கும்.

வீட்டின் உயரம் 12 அடி இருக்கும். அகலம் 8½ அடி. கூரை மேல் குளிர்சாதனப் பெட்டி. சுவரை ஒட்டி மேலே அலமாரிகள். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அது ஒரு சுமை. 100 காலன் தண்ணீர் மட்டும் 378 கிலோ.

இத்தனையும் எதன் மேல் நிற்கிறது? வில் பட்டைகளின் மேல். பின் சக்கரங்கள் பக்கத்துக்கு இரண்டாக இருக்கும். வில் பட்டைகள் அவற்றுக்கும் உள்ளே, நெருக்கமாக இருக்கும். மேலே 8½ அடி அகல வீடு. கீழே அதைத் தாங்கும் வில்கள் அதில் பாதி அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

தலையில் பெரிய அண்டாவை வைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து வைத்து நில்லுங்கள். யாராவது தோளில் லேசாகத் தட்டினாலும் ஆடுவீர்கள். அதே கதைதான் இதுவும்.

லாரி முந்தும்போது என்ன நடக்கிறது? லாரியின் மூக்கு, தனக்கு முன்னால் உள்ள காற்றைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தக் காற்று வீட்டின் சுவரில் மோதுகிறது. வீடு அப்பால் சாய்கிறது. லாரியின் உடம்பு பக்கத்தில் வந்ததும், இரண்டுக்கும் நடுவில் காற்றின் அழுத்தம் குறைகிறது. வீடு லாரியை நோக்கி இழுக்கப்படுகிறது. ஒரு தள்ளு, ஒரு இழு! பக்கச் சுவர் பெரிதாக இருப்பதால் அடியும் பெரிதாக விழுகிறது.

"ப" போன்ற கம்பி

இப்போது கம்பிக்கு வருவோம்.

"ப" என்ற எழுத்தை எழுதிப் பாருங்கள். நடுவில் ஒரு படுக்கைக் கோடு. இரு முனைகளிலும் ஒவ்வொரு கை. அந்தக் கம்பியின் வடிவம் இதுதான். "ஸ்வே பார்" என்றும், "ஸ்டெபிலைசர் பார்" என்றும் சொல்லுவார்கள். ஆட்டத்தை அடக்குவதால் அடக்கு கம்பி என்று சொல்லலாம்.

படுக்கையாக உள்ள பகுதி வண்டியின் அகலத்துக்குக் குறுக்கே போகிறது. இரண்டு கைகளும் இரண்டு பக்கங்களுக்குப் போகின்றன. ஒரு பகுதியை அச்சோடு பிணைப்பார்கள். மற்றொரு பகுதியைச் சட்டத்தோடு பிணைப்பார்கள். பிடிக்கும் இடங்களில் ரப்பர் புஷ்கள் இருக்கும்.

இரண்டு சக்கரங்களும் ஒன்றாக மேட்டில் ஏறினால், இரண்டு கைகளும் ஒன்றாக உயரும். கம்பி புஷ்ஷுக்குள் சும்மா சுழலும். எதிர்ப்பே காட்டாது.

ஆனால், வீடு ஒரு பக்கம் சாய்ந்தால்? ஒரு கை உயரும். மற்றொரு கை தாழும். கம்பி முறுக்கிக்கொள்ளும். எஃகுக் கம்பி முறுக்குக்கு எளிதில் இணங்குமா? திருப்பி உதைக்கும். சாய்ந்த பக்கத்தைத் தூக்கிவிடும்.

இதுதான் இதன் அழகு. வில்லைக் கடினமாக்கினால் ஒவ்வொரு மேட்டிலும் இடுப்பு ஒடியும். இந்தக் கம்பியோ நேர் மேடு பள்ளத்தில் பேசாமல் இருக்கும். சாய்வு வந்தால் மட்டும் வேலை செய்யும்.

கனடா நாட்டில் பிரெடரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர், 1919-ல் இப்படி ஒரு கம்பிக்குக் காப்புரிமை பெற்றார்.

கால் அங்குலம் செய்யும் மாயம்

கடையில் கம்பிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். "இது கால் அங்குலம்தானே பருமன் அதிகம்? இதற்கா இவ்வளவு விலை?" என்று தோன்றும்.

அந்தக் கால் அங்குலத்தை அலட்சியம் செய்யாதீர்கள்!

கம்பியின் பருமன் இரண்டு மடங்கு ஆனால், முறுக்குக்கு அது காட்டும் எதிர்ப்பு இரண்டு மடங்கு அல்ல. 16 மடங்கு ஆகிறது! 1 அங்குலக் கம்பியை எடுத்துவிட்டு 1¼ அங்குலக் கம்பியை மாட்டினால், வலிமை ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 1½ அங்குலத்தில் இருந்து 1¾ அங்குலத்துக்குப் போனால், இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு.

கைகளின் நீளத்திலும் சூட்சுமம் இருக்கிறது. கை நீளமாக இருந்தால் கம்பியை முறுக்குவது எளிது. நீண்ட பிடி உள்ள ஸ்பானரால் இறுகிய நட்டைத் திருப்புவது எளிது அல்லவா? அதுபோலத்தான். கை குட்டையானால் கம்பி முரடாகும். நீளம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், வலிமை சுமார் ஒன்றரை மடங்கு ஆகும்.

உள்ளே துளை உள்ள குழல் கம்பிகளும் உண்டு. "பொள்ளல் கம்பியா? வேண்டாம்!" என்று ஒதுக்கிவிட வேண்டாம். முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் கம்பியின் வெளிப்பகுதிதான். பருமனில் பாதி அளவுக்கு நடுவில் துளை போட்டால் எடை கால் பங்கு குறையும். வலிமையில் பதினாறில் ஒரு பங்குதான் குறையும்.

எந்த ஆட்டம்?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வண்டி ஆடுகிறது என்றதும் கம்பி வாங்க ஓடுகிறார்கள். சில நூறு டாலர் போகிறது. மாட்டிப் பார்த்தால் ஆட்டம் நிற்கவில்லை!

ஏன்? அது வேறு ஆட்டம்.

வீட்டு வாசல் பள்ளத்தில் கோணலாக இறங்கும்போது வண்டி இடதும் வலதுமாகச் சாய்கிறதா? வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் படுக்கிறதா? லாரி முந்தும்போது தோணி போலத் தள்ளாடுகிறதா? அப்படியானால் அடக்கு கம்பி வேலை செய்யும்.

சாயாமல், வால் மட்டும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறதா? பின் சக்கரத்துக்கு அப்பால் வீடு நீளமாக நீட்டிக்கொண்டு இருந்தால் இப்படி ஆகும். வால் ஒரு பக்கம் போனால் மூக்கு மறு பக்கம் போகும். இதற்கு வேண்டியது வேறு ஒரு கம்பி. அச்சின் ஒரு பக்கத்தையும் சட்டத்தின் மறு பக்கத்தையும் குறுக்காக இணைக்கும் நேர் கம்பி அது. "பேன்ஹார்டு கம்பி" என்று பெயர். அடக்கு கம்பிக்கும் இதற்கும் உறவு இல்லை.

காற்றே இல்லாத நாளில், நேர்ச் சாலையில் வண்டி அலைகிறதா? ஓட்டுகிறவர் சக்கரத்தை ஓயாமல் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கிறாரா? அது டயரின் குற்றமாக இருக்கலாம். முன் சக்கரங்களின் நேர் சரியில்லாமல் இருக்கலாம். ஸ்டீரிங் இணைப்புகள் தேய்ந்து இருக்கலாம். எவ்வளவு பருமனான அடக்கு கம்பியை மாட்டினாலும் இது தீராது.

மேட்டைத் தாண்டிய பிறகும் குதித்துக்கொண்டே போகிறதா? ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது என்று பொருள்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் இருக்கிறது. காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீட்டுக்கும் "ஸ்வே பார்" என்று ஒன்று விற்கிறார்கள். அது கொக்கியில் மாட்டும் உராய்வுக் கம்பி. தானே ஓடும் மோட்டார் வீட்டுக்கு அதனால் பயன் இல்லை. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால், கடையில் இதையும் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

செலவு இல்லாத வைத்தியம்

பணத்தை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில் எடை போடுங்கள். பயணத்துக்குப் போவது போலவே தண்ணீர், பெட்ரோல், பாத்திரம், துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வண்டியில் போகிறவர்களும் ஏறிக்கொள்ள வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் இடங்களில் எடை மேடைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அச்சின் எடையும் தனித்தனியாகத் தெரியும். நான்கு மூலைகளையும் தனித்தனியாக எடை போட முடிந்தால் இன்னும் நல்லது. இடது பக்கம் சமையல் அறையும் தண்ணீர்த் தொட்டியும் இருந்து, வலது பக்கம் வெறும் நாற்காலி இருந்தால் வண்டி எப்படிச் சமமாக நிற்கும்?

எடை தெரிந்த பிறகு, டயர் கம்பெனி வெளியிடும் அட்டவணையைப் பார்க்க வேண்டும். இந்த எடைக்கு இவ்வளவு காற்று என்று அதில் இருக்கும். டயர் குளிர்ந்து இருக்கும்போது அளந்து, அந்த அளவுக்குக் காற்று வைக்க வேண்டும். கனமான சாமான்களை மேல் அலமாரியில் இருந்து எடுத்துக் கீழ்ப் பெட்டியில் வைக்க வேண்டும். டப்பா உணவும், சுத்தியும், ஸ்பானரும் தலைக்கு மேல் எதற்கு?

பிறகு வண்டியின் அடியில் பாருங்கள். ஏற்கெனவே அடக்கு கம்பி இருக்கக்கூடும். எப்-53 சட்டத்தில் முன்னும் பின்னும் உண்டு. ரப்பர் புஷ்கள் காய்ந்து, வெடித்து, ஓட்டை பெரிதாகி இருக்கிறதா? அப்படி இருந்தால் கம்பி இருந்தும் இல்லாத கணக்குத்தான். வண்டி கொஞ்சம் சாய்ந்த பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். புது புஷ் மாட்டினாலே பாதி ஆட்டம் போய்விடலாம்.

எப்-53 வண்டிக்காரர்கள் கண்டுபிடித்த ஒரு தந்திரம் சுவையானது. அதன் பல மாடல்களில் கம்பிக் கையின் முனையில் இரண்டு துளைகள் இருக்கும். இணைப்புக் கம்பியை வெளித் துளையில் மாட்டி அனுப்புவார்கள். அதைக் கழற்றி உள் துளையில் மாட்டினால் என்ன ஆகும்? கை குட்டையாகிறது! கம்பி முரடாகிறது! புதுக் கம்பி வாங்காமலே ஆட்டம் குறைகிறது. செலவு, அரை நாள் உழைப்புதான். கம்பி விற்கிற கடைக்காரர் இதைச் சொல்ல மறந்தால் வியப்பு இல்லை.

ஆனால் இரண்டு பக்கமும் ஒரே துளையில் மாட்ட வேண்டும். ஒரு பக்கம் மாற்றி மறு பக்கம் மறந்துவிடக்கூடாது. வண்டி சமதரையில் நிற்க வேண்டும்; சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். கை பழகாதவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. 10 டன் வண்டியின் அடியில் படுத்துத் தொழில் கற்கக்கூடாது.

கடைக்குப் போனால்

இவ்வளவும் செய்த பிறகும் ஆடுகிறதா? இப்போது கம்பி வாங்கலாம்.

வீட்டின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். அடிச்சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். ஒரே கம்பெனியின் வீடுகள் இரண்டு, மூன்று வகைச் சட்டங்களின் மேல் வரும். சட்டத்தின் ரகம், செய்த ஆண்டு, எத்தனை டன் தாங்கும் என்ற அளவு ஆகியவை வேண்டும். ஓட்டுநர் இருக்கைப் பக்கம் ஒட்டிய தகட்டில் பார்க்கலாம். சட்டத்தின் ஆண்டும் வீட்டின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இல்லை. இதில் ஏமாந்து, பொருந்தாத கம்பியைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

முன்னாலா, பின்னாலா? சில சட்டங்களில் பின்பக்கம் கம்பியே இருக்காது. அப்படியானால் முதலில் பின்பக்கம் மாட்டுவதுதான் முறை. பெரும் சுமை அங்கேதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி இருந்தால், இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

"பின்னால் மட்டும் இருப்பதிலேயே பெரிய கம்பியாகக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. அது ஆபத்து. பின்பக்கம் மட்டும் மிகவும் முரடானால், ஈரச் சாலை வளைவில் பின் சக்கரங்கள் வழுக்கக்கூடும். வேறு தொல்லையும் இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால், முரட்டுக் கம்பி அந்த அதிர்ச்சியை மறு பக்கத்துக்கும் கொண்டு போகும். வீடு "வெடுக்" என்று ஆடும். உட்கார்ந்து இருப்பவர் தலை இப்படியும் அப்படியும் போகும். கம்பியைப் பிடிக்கும் இடத்தில் சட்டமும் அடி வாங்கும். சட்டத்துக்கும் சுமைக்கும் ஏற்றது என்று கம்பி செய்கிறவர்கள் குறித்திருக்கும் பருமன் போதும்.

புஷ்ஷில் இரண்டு வகை. ரப்பர் மிருதுவானது, சத்தம் போடாது, சீக்கிரம் தளரும். "பாலியூரிதேன்" கெட்டியானது, நெடுநாள் உழைக்கும். ஆனால் அதற்கென்று உள்ள கிரீஸ் போடாவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் "கிறீச்" என்று கத்தும்.

மாட்டும்போது வண்டி தன் சக்கரங்களில், முழுச் சுமையோடு நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்து இறுதி முடுக்கு முடுக்கினால் புஷ்கள் கோணலாக இறுகிவிடும். கம்பி எங்கும் உரசக்கூடாது. புகைக் குழாய், பிரேக் குழாய் இவற்றுக்கு அருகில் போதிய இடைவெளி இருக்க வேண்டும்.

பெரிய டீசல் வண்டிகள் சிலவற்றில் வில் பட்டைக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் இருக்கும். அவற்றில் வண்டியின் உயரத்தைக் காக்கும் வால்வுகளை முதலில் சோதிக்க வேண்டும். உயரம் தவறினால் எந்தக் கம்பியும் உதவாது.

கம்பியால் முடியாதது

இந்தக் கம்பி வீட்டின் உயரத்தைக் குறைப்பது இல்லை. சக்கரங்களை அகட்டி வைப்பதும் இல்லை. சக்கரத்துக்கு மேலே வீடு சாய்வதைத்தான் தடுக்கிறது. சக்கரத்தோடு சேர்த்து வீட்டையே புரட்டும் புயல் காற்று வந்தால், கம்பியால் ஒன்றும் செய்ய முடியாது.

வயோமிங் சாலையில் அப்படிப்பட்ட காற்று வருவது உண்டு. எல்க் மலை ஓரமாகச் செல்லும் அந்தச் சாலையை 1970-ல் திறந்தார்கள். அதற்கு முன்பே, "இங்கே காற்று பொல்லாதது, பழைய சாலையை ஒட்டியே போங்கள்" என்று அந்தப் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர்கள் எச்சரித்தார்கள். கேட்கவில்லை. இன்றும் காற்று மிகுந்தால், பாரம் குறைந்த உயரமான வண்டிகளுக்கு அந்தச் சாலையை மூடிவிடுகிறார்கள். மூடினால் ஊரில் தங்கிவிட வேண்டியதுதான். தங்குவதற்கு வீடுதான் கூடவே இருக்கிறதே!

நம் தம்பதி லாரமியில் இரண்டு நாள் தங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். எடை போட்டார்கள். டயரில் காற்று சரி செய்தார்கள். மேல் அலமாரி சாமான்கள் கீழே இறங்கின. பின்பக்கத்துப் பழைய கம்பியில் புஷ்கள் கிழிந்து கிடந்தன. மெக்கானிக் அதைக் கழற்றி, சட்டத்துக்கு ஏற்ற பருமனான கம்பியை மாட்டினார்.

மூன்றாம் நாள் காலை. காற்று அடங்கி இருந்தது. அதே சாலை. பின்னால் லாரி வருகிறது.

மனைவி இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார்.

லாரி முந்துகிறது. வீடு ஒரு முறை அசைகிறது. அலமாரியில் ஒரு தட்டு "கிணிங்" என்கிறது. அவ்வளவுதான்.

"போய்விட்டதா?" என்று கேட்கிறார் மனைவி.

"போய்விட்டது."

சற்று நேரம் பேச்சு இல்லை. பிறகு, "காபி போடட்டுமா?" என்கிறார்.

"ஓடும்போது எழுந்திருக்காதே. பெல்ட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திரு. ராலின்ஸ் வந்ததும் போடலாம். நானும் அங்கே வண்டிக்கு அடியில் ஒரு முறை பார்க்க வேண்டும். புதுக் கம்பியின் போல்ட்டுகளைக் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடியும் முடுக்கச் சொன்னார் மெக்கானிக்."